முப்பத்தொரு சாமான்களும் ஒரு பின்கதவும்

பிப்ரவரி 11 — 180
பிப்ரவரி 26 — 95
மார்ச் 9 — 1,150
மார்ச் 9 — 60
ஏப்ரல் 2 — 700
ஏப்ரல் 17 — 240
மே 5 — 2,300
மே 30 — 45
ஜூன் 14 — 400

ஒன்பது வரிகள். எதற்கு நேராகவும் பொருளின் பெயர் இல்லை. பெயரில்லாமல் ஒரு தொகையை எழுதி வைப்பது லெட்ஜரின் வழக்கமே அல்ல. ஆனால் இந்த ஒன்பதுக்கும் உரிய பெயர்களை அவர் வேறோர் இடத்தில் எழுதினார். தபால் கார்டில்.

லெட்ஜர் என்பது அவருக்கு வைத்த பெயர் அல்ல, வந்து ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் முப்பத்தாறு வருடம் இருந்தார். போர்வை, பஞ்சு, தெர்மாமீட்டர், கட்டில் சக்கரம் எதுவும் அவர் கையெழுத்தில்லாமல் ஸ்டோர் வாசலைத் தாண்டியதில்லை. ஒருமுறை வார்டு மேற்பார்வையாளர் ஒருவர் நான்கு போர்வைகளை எலி தின்றுவிட்டதாக எழுதிக் கொடுத்தார். லெட்ஜர் அந்தக் காகிதத்தைத் திருப்பி நீட்டினார்.

"சரிங்க. அந்த எலிகிட்டயே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

ஆஸ்பத்திரியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் நான்கு மாதம் கழித்து, அந்த மேற்பார்வையாளரின் ஸ்கூட்டர் சீட் உறையில் ஆஸ்பத்திரி முத்திரையின் ஒரு மூலை அவர் கண்ணில் பட்டது. அன்று மாலை அந்த மனிதர் உறையில்லாத சீட்டில் உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நாற்பத்தோரு வருடம் ஏமாந்திருந்தார்.

அவருடைய அப்பா தராசு ரிப்பேர் செய்தவர். தராசில் எண் பொறிப்பதற்கு விரல் நீளத்தில் எஃகு அச்சுகள் வைத்திருந்தார். அச்சைப் பொருள் மேல் நிறுத்தி, சுத்தியலால் ஒரே ஒரு தட்டு, எண் பதிந்துவிடும். தொழிலில் வந்த பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சாமானுக்கும் அடிப்பக்கத்தில் ஓர் எண் விழுந்தது. முதல் எண் மேசைக்கு. கடைசி எண், முப்பத்தொன்று, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு. ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே அச்சு, தலைகீழாகப் பிடித்துத் தட்டுவார். எது கீழ் என்று தெரிய அடியில் ஒரு புள்ளி வைப்பார். அந்த அச்சின் வளையத்தில் ஒரு சிறு பல் உடைந்திருந்தது. அதனால் அப்பாவின் ஆறும் ஒன்பதும் எலி கடித்த பிஸ்கட் போல இருக்கும். உலகத்தில் வேறெங்கும் அப்படி ஓர் ஒன்பது கிடையாது.

"என்னையும் மறக்காம ஒரு தட்டு தட்டிடுங்க. நானும் இந்த வீட்டுக்கு வந்த சாமான்தானே" என்று அம்மா சொல்வார்.

"உனக்கு எண் போட ஆரம்பிச்சா பூஜ்யத்துலேருந்து போடணும். நீ வந்தப்புறம்தான் மேசையே வந்துது" என்பார் அப்பா.

அப்பா போன பிறகு அம்மா அந்த வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அக்காவும் அத்தானும் இரண்டு தெரு தள்ளி. லெட்ஜருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, பத்து நாள் கூட இருந்துவிட்டு வரலாம் என்று அம்மா அக்டோபர் ஒன்பதாம் தேதி வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனின் ஊருக்குப் பஸ் ஏறினார். பத்தொன்பதாம் தேதி திரும்பியபோது வீட்டில் சுவர்தான் இருந்தது. பின்கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பூட்டு உடைபடவில்லை, வாயைத் திறந்தபடி வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எண் 27.

முதலில் ஓடி வந்தவர் அத்தான். லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க். பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கூடியிருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னார்: "அத்தை பூட்டாமலே போயிட்டாங்க. வயசாயிடுச்சு, பாவம்."

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

லெட்ஜர் போலீசுக்கு, மிஞ்சிய பூட்டையும் சேர்த்து, முப்பத்தொரு சாமான்களையும் வரிசையாக எழுதிக் கொடுத்தார். கார்பன் நகல் ஒன்றை வைத்துக்கொண்டார். பூட்டுக்கு இரண்டு சாவி. 27-1 அம்மாவின் பர்சில். 27-2 அவசரத்துக்கென்று அக்கா வீட்டுச் சமையலறை ஆணியில். அதைப் போலீஸ்காரர் கேட்டபோது, "அது தொங்கின இடத்துல அப்படியே இருக்குங்க" என்றார் அத்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாப்பிள்ளையைச் சந்தேகிக்க யாருடைய நோட்டிலும் பத்தி கிடையாது.

அம்மா மகன் வீட்டுக்கு வந்தார். பதினோரு வருடம் இருந்தார். முதல் வருடம் "பூட்டினேன், ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்" என்றார். அடுத்த வருடம் "பூட்டின ஞாபகம்" என்றார். அக்கா வரும்போதெல்லாம் "எத்தனை சாமான்மா! அப்பா ஒவ்வொண்ணா சேர்த்தது! கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா?" என்று ஆரம்பிப்பாள். மூன்றாவது வருடத்தில் அம்மா தன்னைத்தானே கேட்க ஆரம்பித்தார்: "பூட்டினேனா?"

அதற்குப் பிறகு அவரால் ஒரு கதவைத் தாண்டிப் போக முடியவில்லை. பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டு, "இரு, ஒரு நிமிஷம்" என்று திரும்பி ஓடுவார். பூட்டை மூன்று முறை இழுப்பார். அதற்குள் பஸ் போய்விடும். பேத்தியின் பள்ளி ஆண்டுவிழாவில் அவள் மேடை ஏறியதை அந்த வீட்டில் யாருமே பார்க்கவில்லை; அம்மா அன்று நான்கு முறை திரும்பி ஓடினார். உள்ளங்கையில் பூட்டின் விளிம்பு பட்டுப் பட்டுக் காய்த்திருந்தது. லெட்ஜரும் சில நாள் கத்தியிருக்கிறார். அதை அவர் எந்த நோட்டிலும் எழுதவில்லை. மறக்கவும் இல்லை.

அம்மா இறந்த அன்று வாசலில் நின்று அத்தான் யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாவு வந்தப்பவும் கதவைத் திறந்து போட்டிருப்பாங்க." அந்தச் சிரிப்புக்குப் பிறகு லெட்ஜர் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. முப்பது வருடம். மனைவி மட்டும் எப்போதாவது அக்காவிடம் போனில் பேசுவார். பேசியதை அவர் சொல்ல மாட்டார், இவரும் கேட்க மாட்டார்.

இந்தப் பிப்ரவரியில் மனைவிக்கு முழங்கால் வலி. அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்க ஒரு முக்காலி வேண்டும் என்றார். லெட்ஜர் பழைய சாமான் கடைக்குப் போனார். கடையை நடத்துவது ஓர் அம்மாள். வாய்க்கு ஓய்வு கொடுக்காதவர். லெட்ஜர் முக்காலியைத் தலைகீழாகத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"உக்காரப் போறது மேல தானே சார்? அடியில என்னத்தைத் தேடறீங்க?"

"கரையான் அடியிலதாம்மா உக்காரும்."

"என் கடைக் கரையான் எல்லாம் மரியாதை தெரிஞ்சது சார். கஸ்டமர் வந்தா எழுந்துடும்."

மரத்தில் 19 என்று பதிந்திருந்தது. ஒன்பதின் வளையத்தில் ஒரு பல் இல்லை. அடியில் ஒரு புள்ளி.

அந்த முக்காலி மேல் அவரை நிறுத்தித்தான் அப்பா முடி வெட்டிவிடுவார். அசையாமல் நின்றால் முடிந்ததும் தராசில் ஏற்றி எடை சொல்வார். "முடி போக இருபத்தொண்ணே கால்" என்பார். முக்காலியை மார்போடு அணைத்தபடி லெட்ஜர் அந்தக் கடையில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இது எங்கேருந்து வந்தது?"

"ஏன் சார், கால் ஆடுதா?"

"ஆடலை. எங்கேருந்து வந்தது?"

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பத்து நிமிட நடையில் இருந்த பழைய லாட்ஜை இடிக்கிறார்கள், மாடி மாடியாகக் காலி செய்து சாமான் வருகிறது என்றார் கடைக்கார அம்மாள். லெட்ஜர் முப்பத்தாறு வருடம் அந்த லாட்ஜைக் கடந்துதான் வேலைக்குப் போனார். அம்மா ஓடித் திரும்பிய பஸ் ஸ்டாப் அந்த லாட்ஜுக்கு நேர் எதிரில்தான் இருந்தது.

அதன் பிறகு வாரம் இரண்டு முறை கடைக்குப் போனார். எதை எடுத்தாலும் கவிழ்த்துப் பார்த்தார். பிப்ரவரி 26-ல் கெட்டில், எண் 6. அம்மா அதன் மூடியைத் தொலைத்துவிட்டு ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார். மார்ச் 9-ல் கத்தரிக்கோல், எண் 23. அதே நாளில் நிலைக்கண்ணாடி, எண் 11.

கண்ணாடியின் முதுகில் பலகை அடித்திருந்தது. பலகையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, பழுத்த இலை நிறத்தில். லாரி புக்கிங் ஆபீசின் சரக்குச் சீட்டு. வீட்டுச் சாமான், 24 உருப்படி. அக்டோபர் 12. கீழே ஒரு கையெழுத்து; கடைசி எழுத்திலிருந்து பட்டத்து வால் போல ஒரு கோடு இறங்கி வலது மூலை வரை போயிருந்தது. அக்கா கல்யாணப் பத்திரத்தில் லெட்ஜர் பார்த்த அதே வால்.

திருடிய சாமானுக்கும், சின்னதைப் பெரியதுக்குள் அடைத்து, முறையாகச் சீட்டுப் போட்டு, எண்ணி, கையெழுத்தும் வைத்து அனுப்பியிருந்தார் அத்தான். சீட்டில்லாமல் ஒரு மூட்டையும் லாரியில் ஏற்றிப் பழக்கமில்லாத கை. அந்த ஆபீசின் லாரிகள் போனது இந்த ஒரு ஊருக்குத்தான். மைத்துனன் இருக்கும் ஊராயிற்றே என்றுகூட யோசிக்கவில்லை. அப்போது லாட்ஜ் புதிது, அவர்களுக்கு மலிவாகச் சாமான் வேண்டியிருந்தது.

"என்ன சார், கண்ணாடியில மூஞ்சியைப் பாக்காம முதுகையே பாக்கறீங்க?"

"முகம் பின்னாடிதாம்மா இருக்கு" என்றார் லெட்ஜர்.

வீட்டுக்கு வந்து சீட்டை மனைவியிடம் காட்டினார். மனைவி இரண்டு முறை படித்தார். அம்மாவோடு பதினோரு வருடம் ஒரே சமையலறையில் இருந்தவர். பஸ் போன பிறகு அம்மாவின் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டி வந்தவர்.

"நேர்ல போய் நாலு கேள்வி கேக்க வேண்டியதுதானே?"

"நேர்ல கேட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"அப்போ என்ன பண்ணப் போறீங்க?"

"அம்மா பதினோரு வருஷம் எடுத்துக்கிட்டாங்க. நான் நிதானமா பண்றேன்."

தபால் ஆபீசில் கார்டு வாங்கினார். கவர் வாங்கவில்லை. கவருக்குள் இருப்பதை ஒருவர்தான் படிப்பார். கார்டைத் தபால்காரரிலிருந்து மருமகள் வரை அத்தனை பேரும் படிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை, ஒரு கார்டு. கோபமாக ஒரு சொல் கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

முதல் கார்டு, மார்ச் 11:

"அத்தானுக்கு. எண் 19. முக்காலி. என் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. கால் ஆடவில்லை. அன்றைக்குப் பின்கதவு பூட்டியிருந்ததா?"

இரண்டாவதில் கெட்டில். கடைசி வரியில் அதே கேள்வி. சீட்டை அவர் மூன்றாவது கார்டுக்கென்று வைத்திருந்தார். ஏப்ரல் 8:

"எண் 11. நிலைக்கண்ணாடி. முதுகில் உங்கள் ஆபீஸ் சீட்டு. அக்டோபர் 12. 24 உருப்படி. உங்கள் கையெழுத்து நன்றாகத் தெரிகிறது. அன்றைக்குப் பின்கதவு பூட்டியிருந்ததா?"

அந்தக் கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, பல வருடத்துக்குப் பிறகு மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினார். எழுந்ததும், தூக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்ததாக மனைவி சொன்னார். அவர் மறுத்தார்.

நான்காவது கத்தரிக்கோல். ஐந்தாவது மடக்கு நாற்காலி. வேலை முடிந்து வந்ததும் அப்பா அதில் உட்கார்ந்தால் கீச்சென்று சத்தம் வரும், அதற்குத்தான் அம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பார். கீச் சத்தம் இன்னும் இருக்கிறது என்பதையும் கார்டில் எழுதினார்.

மே 18-ல் ஒரு கடிதம் வந்தது. அக்காவின் மகன் எழுதியது. "மாமா, அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயசு. சரியாச் சாப்பிடறதில்லை. எப்பவோ நடந்ததுக்கு இப்ப கார்டு போட்டு என்ன ஆகப்போகுது? தயவுசெஞ்சு நிறுத்திடுங்க."

"நிறுத்தப் போறீங்களா?" என்றார் மனைவி.

"சாப்பிடறதில்லையாம்" என்றார் லெட்ஜர். கடிதத்தை மடித்து, வந்த தேதியை மூலையில் குறித்துக்கொண்டார். "அப்போ கார்டு ஒழுங்கா போய்ச் சேருதுன்னு அர்த்தம்."

மே 20, திங்கள். ஆறாவது கார்டு. எண் 16, மேசைக் கடிகாரம். ஓடவில்லை. மூன்று மணி ஐந்து நிமிடத்தில் நிற்கிறது. அன்றைக்குப் பின்கதவு பூட்டியிருந்ததா?

வீடு நிறைந்துகொண்டே வந்தது. தையல் மிஷினைக் கடைக்கார அம்மாளே ஆள் வைத்து அனுப்பினார். "இதுக்கு எதுக்கு சார் இந்த வயசுல? யாருக்குச் சட்டை தைக்கப் போறீங்க?" என்று போனில் கேட்டார். "ஒருத்தருக்கு அளவு எடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் லெட்ஜர். மிஷின் டிராயரில் ஒரு பொத்தான்கூட இல்லை. லாட்ஜ் ரூமின் விலைப் பட்டியல் ஒன்றுதான் இருந்தது. அம்மா அந்த மிஷினில் ஊருக்கெல்லாம் தலையணை உறை தைத்தார். அவர் அப்பாவைக் கேட்டு வாங்கியது இந்த ஒன்றைத்தான். எண் 2.

எட்டாவது புனல். ஒன்பதாவது, ஜூலை 1-ல், டிரங்குப் பெட்டி. எண் 9. உள்ளே லாட்ஜ்காரர்கள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். மூடிக்குள் பென்சிலால் அப்பா எழுதி வைத்திருந்த குழந்தைகளின் உயரக் கணக்கு பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. லெட்ஜர் நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தார். அக்காவின் உயரம் ஒன்று மட்டும் கிடைத்தது. ஏழு வயது, மூன்று அடி பத்து. அதைக் கார்டில் எழுதலாமா என்று யோசித்தார். அத்தானுக்கு எழுதும் கார்டில் அக்காவுக்கு என்ன வேலை என்று விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்துத் தபால்காரர் ஒரு தடித்த கவரைக் கொண்டுவந்தார். மேலே அக்காவின் கையெழுத்து. உள்ளே மூன்று தாள்களும் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்றும். லெட்ஜர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அது கீச்சென்றது.

"தம்பிக்கு,

கார்டு ஒன்பதும் வந்து சேர்ந்தது. உங்க அத்தானுக்கு ரெண்டு வருஷமா கண் தெரியாது. நீ அவருக்கு எழுதினதை எல்லாம் நான்தான் சத்தமா வாசிச்சேன்.

முதல் கார்டை வாசிச்சப்போ, யாரோ விளையாடறாங்கன்னார். ரெண்டாவதுக்கு, உன் தம்பிக்குப் புத்தி பிசகிடுச்சுன்னார். மூணாவது கார்டுல சீட்டு பத்தி எழுதியிருந்தே. அக்டோபர் பன்னெண்டுன்னு வாசிச்சதும் எனக்குக் குரல் நின்னுபோச்சு. அவர் 'அப்புறம்?'னு கேக்கலை. ஒண்ணும் தெரியாதவரா இருந்தா கேட்டிருப்பார், இல்லையா? அவர் கேக்காததுலேயே எனக்குத் தெரிஞ்சுடுச்சு.

சாவி என் அடுப்படி ஆணியில தொங்கினது. ஓடு ஒழுகுதான்னு பாக்கணும்னு எடுத்துக்கிட்டுப் போனார். அப்போ அதை நான் நினைச்சே பாக்கலை. அம்மாவைத்தான் கேட்டேன், கேட்டேன், பதினோரு வருஷம் கேட்டேன். நான் கேட்டதெல்லாம் அம்மா காதுல விழுந்துது. இப்போ நான் சொல்றது விழாது.

அன்னையிலேருந்து தினமும் காலையில டீ கொடுத்துட்டு, எதிர்ல உக்காந்து கார்டு வாசிக்கிறேன். முதல் கார்டுலேருந்து வரிசையா. போதும்னார். வாசிச்சுட்டேனா, மறந்துபோச்சுன்னு சொல்லி மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன். எங்கம்மாவை மறதிக்காரின்னு சொன்ன வீட்டுல எனக்கு மட்டும் மறதி வரக் கூடாதா? பையன் உனக்கு லெட்டர் போட்டது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவனையும் பக்கத்துல உக்கார வச்சு வாசிச்சேன். இப்போ அவன் அவர்கிட்டப் பேசறதில்லை.

நேத்து அவரே பேப்பர் கேட்டார். அவர் கையை நான் பிடிக்கலை. கோடு கோணலா இருக்கும். பாத்துக்கோ.

முப்பத்தொண்ணுல ஒன்பதுதான் கிடைச்சிருக்கு. பாக்கி இருபத்திரண்டு. பூட்டு உன்கிட்ட இருக்கு, அதைக் கழிச்சா இருபத்தொண்ணு. அதுக்கும் கார்டு போடு. கிடைச்சாத்தான் எழுதணும்னு இல்லை. என்கிட்ட நேரம் இருக்கு. அவருக்கும் வேற வேலை இல்லை.

அக்கா."

இரண்டாவது தாள் முழுக்க அவளே தேதி போட்டு எழுதிய வரிசை: எந்தக் கார்டு எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்று. மூன்றாவது கார்டு தொண்ணூற்றோரு முறை.

மூன்றாவது தாளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"பின்கதவு பூட்டித்தான் இருந்தது. நான்தான் சாவியால் திறந்தேன். போகும்போது பூட்டை வேண்டுமென்றே திறந்தபடி மாட்டிவிட்டுப் போனேன்."

கீழே கையெழுத்து. வால் மட்டும் கோணாமல், பழக்கத்தில், நேராக மூலைக்குப் போயிருந்தது.

லெட்ஜர் அதை மூன்று முறை படித்தார். பிறகு சுற்றிய காகிதத்தைப் பிரித்தார். சாவி. தலையில் 27, பக்கத்தில் 2. அலமாரியிலிருந்து அம்மாவின் பூட்டை எடுத்து வந்து நுழைத்தார். நாற்பத்தோரு வருடத்துக்குப் பிறகும் சிக்காமல் சுற்றியது. பூட்டினார். இழுத்துப் பார்த்தார். ஒரு தடவைதான் இழுத்தார்.

மனைவி முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தானுக்குக் கண் தெரியாதாம்" என்றார் லெட்ஜர். "உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா தெரியும்."

"அப்போ அக்காதான் வாசிப்பான்னும் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அக்கா பாவம்னு நிறுத்தியிருப்பீங்க" என்றார் மனைவி. "அத்தையை அவங்க பேசின பேச்செல்லாம் என் காதுலதாங்க விழுந்துது. அவங்களும் வாசிக்கட்டும்னு இருந்தேன்."

லெட்ஜர் டிரங்குப் பெட்டியின் மூடியைத் திறந்து, சுரண்டிய மூலையில் இருந்ததை இன்னொருமுறை பார்த்துக்கொண்டார். ஒரு புதிய கார்டை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்தார். மேல் பாதியில், "அக்காவுக்கு. உன் உயரம் கிடைத்தது. ஏழு வயது, மூன்று அடி பத்து" என்று எழுதினார். கீழ்ப் பாதியில், "அத்தானுக்கு. எண் 1. மேசை. இன்னும் கிடைக்கவில்லை" என்று எழுதினார். அதற்கு மேல் கேள்வி எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று முடித்தார்.

மை காய்ந்ததும் நோட்டை எடுத்து, ஒன்பது வரிகளுக்குக் கீழே, தொகை எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, பத்தாவது வரியைச் சேர்த்தார்.

27-2, கடிதத்துடன். வந்து சேர்ந்தது: ஜூலை 11, வியாழன்.